பெயர் கடைசியில் வரட்டும்: இட்லி மாவு பாக்டீரியாவை அடையாளம் காணும் பயிற்சி

மாணவர் ஆய்வகத்தில் பாக்டீரியாவை அடையாளம் காணும் வேலை இன்று பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. பிளேட்டில் ஒரு காலனி வளர்கிறது. கிட் ஒன்றைக் கொண்டு அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள். பிசிஆர் செய்து, கிடைத்ததை வரிசை படிக்க வெளியே அனுப்புகிறார்கள். திரும்பி வரும் எழுத்துகளை பிளாஸ்ட் தேடலில் ஒட்டியதும் முதல் வரியில் ஒரு பெயர் நிற்கிறது. அதுவே பிராஜெக்ட் அறிக்கைக்குப் போய்விடுகிறது. தவறு நடந்திருந்தாலும் இந்த வழியில் அது கண்ணில் படாது. எந்த வரிசையைக் கொடுத்தாலும் பிளாஸ்ட் ஏதேனும் ஒரு பெயரைத் தந்துவிடும். மாவிலிருந்து எடுத்த காலனிக்கும் பெயர் வரும். கரைசலில் ஒளிந்திருந்த வேறொரு பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்கும் அதே 99 சதவீத ஒற்றுமையோடு பெயர் வரும். உங்கள் கையில் இருப்பது இவ்விரண்டில் எது என்பதை அந்த வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முன் நடந்த வேலைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே இந்த அத்தியாயம் ஒரு ஒழுங்கை வற்புறுத்துகிறது. முதலில் உயிரியை நுண்ணோக்கியிலும் சோதனைக் குழாயிலும் அறிந்துகொள்ளுங்கள். அந்த அறிவை வைத்து டிஎன்ஏ எடுக்கும் முறையைத் தீர்மானியுங்கள். செல் எதுவும் போடாத ஒரு வெற்றுக் குழாயைத் தொடக்கம் முதல் இறுதி வரை கூடவே கொண்டுபோங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள்.

பயிற்சிக்கு இட்லி மாவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அதில் எவை வாழ்கின்றன என்பது ஓரளவு முன்பே தெரியும். முகர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட கட்டுரை, மாவு பொங்குவதில் லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவின் பங்கை எடுத்துக்காட்டியது. அது குளுக்கோஸை உடைக்கும்போது அமிலத்தோடு கார்பன் டைஆக்சைடும் வெளிவருகிறது. உளுந்தின் பிசுபிசுப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதுதவிர என்டரோகாக்கஸ், பீடியோகாக்கஸ், வெய்செல்லா, லாக்டோபேசில்லஸ் வகைகளும் ஈஸ்ட்டுகளும் மாவில் பதிவாகியிருக்கின்றன. இப்படி ஒரு எதிர்பார்ப்பு இருந்தால்தான், வரும் விடை பொருந்துகிறதா என்று கேட்க இடம் உண்டாகும். இன்னொரு காரணம் பாதுகாப்பு. கழிப்பறைக் குழாய், காயம், கைபேசித் திரை ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து வளர்ப்பது மாணவர்களுக்கு ஆர்வமூட்டும். ஆனால் நோய்க்கிருமி ஒன்றைக் கோடிக்கணக்கில் பெருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். தினமும் வேகவைத்துச் சாப்பிடும் மாவில் அந்த ஆபத்து குறைவு. குறைவுதான், இல்லை என்று சொல்ல முடியாது. என்டரோகாக்கஸ் மருத்துவமனைகளில் தொல்லை தரும் இனங்களைக் கொண்டது. எனவே வாயால் பிப்பெட் உறிஞ்சக் கூடாது, ஆய்வக மாவு சமையலறைக்குத் திரும்பக் கூடாது, வளர்த்தவை அனைத்தும் 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியேற வேண்டும்.

பிரித்தெடுக்கும் முறை எளியது. 10 கிராம் மாவை 90 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, எம்ஆர்எஸ் அகாரில் பரப்பி, 30 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். டி மான், ரோகோசா, ஷார்ப் மூவரும் 1960இல் வடிவமைத்த இந்த ஊடகம் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு ஏற்றது. ஆனால் மற்றவற்றை முழுதாகத் தடுப்பதில்லை. தனித்து நிற்கும் காலனியை எடுத்துப் புதிய பிளேட்டில் கோடிழுத்து, அதிலிருந்து மீண்டும் தனிக்காலனி எடுத்து, குறைந்தது மூன்று முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நேரம் குறைவு என்று மாணவர்கள் முதலில் கைவிடுவது இந்தப் படியைத்தான். அதனால் வரும் இழப்புக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். பாக்டீரியா என்று நினைத்து எடுத்த காலனியில் பெரும்பகுதி ஈஸ்ட்டாகவும் ஓரத்தில் கொஞ்சம் பாக்டீரியாவாகவும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் 27எஃப், 1492ஆர் பிரைமர்கள் பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஈஸ்ட்டின் உட்கரு மரபணுவை அந்த இணை பெருக்காது. ஜெல்லில் அழகான ஒரே பேண்ட் வரும், வரிசை சுத்தமாக இருக்கும், பெயரும் கிடைக்கும்; காலனியின் பெரும்பகுதி ஈஸ்ட் என்ற செய்தி மட்டும் எங்கும் இருக்காது. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் ஒரு நிமிடம் பார்த்தவருக்கு, பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிய, மொட்டு விடும் செல்கள் உடனே தெரிந்திருக்கும். மரபணுச் சோதனை தான் தேட வடிவமைக்கப்பட்டதை மட்டுமே காணும். நுண்ணோக்கிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தூய வளர்ப்பு கிடைத்ததும் ஐந்தாறு மலிவான சோதனைகள் போதும், சந்தேக வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும். கிராம் சாயத்தில் ஊதாவாக நின்று, உருண்டையாகவோ சற்றே நீண்ட பயறு வடிவிலோ இணைகளாகவும் சங்கிலிகளாகவும் தெரிந்தால் லியூகோனோஸ்டாக் சாத்தியம். நான்கு நான்காகச் சதுரமாக ஒட்டியிருந்தால் பீடியோகாக்கஸை நினைக்க வேண்டும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழி வந்தால் கேட்டலேஸ் இருக்கிறது என்று பொருள். லாக்டிக் அமில பாக்டீரியாவில் பொதுவாகக் குமிழி வராது. குளுக்கோஸ் பிராத்துக்குள் தலைகீழாகக் கவிழ்த்த டர்ஹாம் குழாயில் வாயு சேர்ந்தால் என்டரோகாக்கஸும் பீடியோகாக்கஸும் விலகுகின்றன. லியூகோனோஸ்டாக்கும் வெய்செல்லாவும் சில லாக்டோபேசில்லஸ் வகைகளும் எஞ்சுகின்றன. ஆர்ஜினினிலிருந்து அம்மோனியா உண்டாக்குகிறதா என்று பார்த்தால் அடுத்த பிரிவு: லியூகோனோஸ்டாக் உண்டாக்காது, வெய்செல்லா கன்ஃபியூசா உண்டாக்கும். வான்கோமைசின் வட்டைச் சுற்றி வளர்ச்சி தடைப்படாமல் இருப்பது இன்னொரு சான்று. லியூகோனோஸ்டாக்குக்கு அந்த எதிர்ப்பு இயல்பிலேயே உண்டு. சுக்ரோஸ் சேர்த்த அகாரில் காலனி வழுவழுவென்று சளிபோலப் பரவினால் டெக்ஸ்ட்ரான் என்ற பாலிசாக்கரைடு உற்பத்தியாகிறது. இந்தக் கடைசிச் சோதனையை அடையாளத்துக்காக மட்டும் செய்வதாக நினைக்காதீர்கள். டிஎன்ஏ எடுக்கும் மேசையில் அது நேரடியாக உதவப்போகிறது.

டிஎன்ஏ எடுத்தல் என்பதை எல்லா உயிரிக்கும் பொருந்தும் ஒரே செய்முறையாகக் கற்றுக்கொடுப்பது தவறு என்பேன். இது செல்லுக்கேற்பச் செய்யவேண்டிய வேதியியல். 1961இல் ஜூலியஸ் மார்மர் நுண்ணுயிரிகளிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் முறையை வெளியிட்ட காலம்தொட்டு அடிப்படை மாறவில்லை: செல்லைத் திற, புரதத்தை நீக்கு, டிஎன்ஏவை ஆல்கஹாலில் வீழ்த்து. ஆனால் ‘திற’ என்ற முதல் படியே உயிரிக்கு உயிரி வேறுபடுகிறது. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் செல்லுக்கு எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் ஏறக்குறையப் போதும். நம் மாவு பாக்டீரியா கிராம் சாயத்தில் ஊதாவாக நின்றது. அதாவது அதன் செல்சுவரில் பெப்டிடோகிளைகான் தடிப்பாக இருக்கிறது. வெறும் எஸ்டிஎஸ் போட்டால் பெரும்பாலான செல்கள் திறக்காமலே அடியில் தங்கும், கிடைக்கும் டிஎன்ஏ சொற்பமாக இருக்கும், காரணம் புரியாமல் மாணவர் கிட்டைக் குறை சொல்வார். எனவே முதலில் லைசோசைம். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விவரித்த இந்த நொதி பெப்டிடோகிளைகானின் சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டுகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில இதற்கும் எளிதில் இணங்குவதில்லை. அப்போது மியூட்டனோலைசின் என்ற இன்னொரு நொதியைச் சேர்க்கிறார்கள். அதைவிடச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: வளர்ப்பு முதிர்வதற்கு முன்பே, திரவம் கலங்கி வளர்ச்சி வேகமாக இருக்கும்போதே செல்களை அறுவடை செய்வது. வளர்ச்சி தேங்கிய செல்லின் சுவரை உடைப்பது கூடுதல் கடினம்.

அடுத்து அந்தச் சளிக் காலனியை நினைவில் கொள்ளுங்கள். டெக்ஸ்ட்ரான் போன்ற பாலிசாக்கரைடுகள் ஆல்கஹாலில் டிஎன்ஏவோடு சேர்ந்தே வீழ்கின்றன. நிறைய டிஎன்ஏ வந்துவிட்டது என்று மகிழவைக்கும் வெள்ளைத் திரளில் பாதி சர்க்கரைச் சங்கிலியாக இருக்கலாம். கரைக்கும்போது கோந்துபோல நிற்கும், பிசிஆர் நொதியையும் தடுக்கும். ஆனால் லியூகோனோஸ்டாக் டெக்ஸ்ட்ரானைச் செய்வது சுக்ரோஸிலிருந்துதான். ஆகவே டிஎன்ஏவுக்கான வளர்ப்பைச் சுக்ரோஸ் ஊடகத்திலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். குளுக்கோஸ் உள்ள சாதாரண எம்ஆர்எஸ் பிராத்தில் வளருங்கள். பழைய சோதனை என்று ஒதுக்கப்படும் ஒன்று, நவீன வேலையின் முதல் தீர்மானத்தை இங்கே எடுத்துக்கொடுக்கிறது. அப்படியும் எஞ்சும் பாலிசாக்கரைடுக்கு சிடிஏபி என்ற வேறொரு டிடர்ஜென்ட் இருக்கிறது. அதில் வரிசை முக்கியம்: உப்புச் செறிவை 0.7 மோலாருக்கு உயர்த்திய பிறகே சிடிஏபி சேர்க்க வேண்டும். உப்பு 0.5 மோலாருக்குக் கீழே இருந்தால் சிடிஏபி டிஎன்ஏவையே பிடித்துக்கொண்டு வீழ்ந்துவிடும்.

முழுச் செய்முறையும் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். 1.5 மில்லிலிட்டர் வளர்ப்பைச் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, செல் திரளை டிரிஸ்-இடிடிஏ கரைசலில் ஒருமுறை கழுவி, மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் லைசோசைமும் சிறிது ஆர்என்ஏஸும் உள்ள அதே கரைசலில் கலைத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு எஸ்டிஎஸ் 1 சதவீதம் ஆகும்படியும், புரோட்டினேஸ் கே மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகும்படியும் சேர்த்து 55 டிகிரியில் இன்னொரு மணி நேரம். கலங்கல் தெளிந்து திரவம் இழுபடத் தொடங்கினால் செல்கள் திறந்துவிட்டன. இந்த மாற்றம் தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு உப்பு, சிடிஏபி, 65 டிகிரியில் பத்து நிமிடம். சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் கலவை சேர்த்து மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்து சுழற்றினால் மேலே நீர்ப்படலம், இடையே புரதத்தின் வெண்தோல். அந்தத் தோலைத் தொடாமல் மேல்படலத்தை எடுக்க வேண்டும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் புரதமும் கூட வரும். 0.6 மடங்கு ஐசோபுரொப்பனாலில் டிஎன்ஏ வீழும். 70 சதவீத எத்தனாலில் கழுவினால் உப்பு போகும். கடைசியில் கரைக்கும் திரவத்தில் இடிடிஏ மிகக் குறைவாக இருக்கட்டும். இடிடிஏ மக்னீசியத்தைப் பிடித்துவைப்பதால் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் முடங்குகின்றன. அதே காரணத்தால், மக்னீசியம் தேவைப்படும் பிசிஆர் நொதியான டாக் பாலிமரேஸும் முடங்கிவிடும். பீனால் பயன்படுத்தும் பழைய முறைகள் நல்ல பலன் தரும் என்றாலும், தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் அந்தப் பொருளை முதல் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. குளோரோஃபார்மும்கூட ஆவி வெளியேற்றும் அலமாரிக்குள்தான்.

கிட் இருக்கும்போது இவ்வளவு உழைப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கிட் விரைவானது, ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி பலன் தருவது. முப்பது மாதிரிகளைக் கையாள வேண்டியவருக்கு நான் கிட்டையே சொல்வேன். ஆனால் கிட்டுக்குள்ளும் இதே வேதியியல்தான் நடக்கிறது என்பதை அறியாதவர், அது பலன் தராத நாளில் திகைத்து நிற்பார். குவானிடின் உப்பு மிகுந்த கரைசலில் டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும் என்ற உண்மையை வைத்து பூமும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் விவரித்த முறையே இன்றைய சிலிக்கா வடிப்பான் குழாய்களின் அடிப்படை. அந்தச் சிலிக்கா டிஎன்ஏவைப் பிடிக்கும், செல்சுவரை உடைக்காது. கிராம் பாசிட்டிவ் செல்லுக்கு லைசோசைம் படியைக் கூட்டிக்கொள்ளும்படி பல கிட்டுகளின் குறிப்பேட்டிலேயே தனிப்பக்கம் இருக்கும். உயிரியை அறியாதவர் அந்தப் பக்கத்தைத் திறக்கமாட்டார். வேறொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குவானிடின் உள்ள கழிவில் பிளீச் ஊற்றக் கூடாது. நச்சு வாயு வெளிவரும். ஆகவே ஒரு முறையாவது கையால் செய்துவிட்டுக் கிட்டுக்குப் போவது நல்லது. காலனியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து நேரே பிசிஆரில் போடும் குறுக்குவழி ஈ.கோலைக்கு நன்றாகவே ஒத்துவரும். தடித்த சுவருள்ள செல்லுக்கு அதை நம்ப முடியாது.

எடுத்ததை அளப்பதிலும் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 1 என்றால் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இரட்டைச்சுருள் டிஎன்ஏ என்பது கணக்கு. ஆனால் ஆர்என்ஏவும் அதே இடத்தில் உறிஞ்சுகிறது. வேகமாக வளரும் பாக்டீரியாவில் ஆர்என்ஏ, டிஎன்ஏவைவிடப் பல மடங்கு அதிகம். ஆர்என்ஏஸ் போட மறந்தவருக்குக் கருவி பெரிய எண்ணைக் காட்டும், அதில் பெரும்பகுதி டிஎன்ஏவாக இருக்காது. 260க்கும் 280க்கும் உள்ள விகிதம் 1.8 அருகே இருந்தால் நல்லது. கீழே இறங்கினால் புரதத்தையும் 2.0ஐ நெருங்கினால் ஆர்என்ஏவையும் சந்தேகிக்கலாம். 260க்கும் 230க்கும் உள்ள விகிதம் மிகக் குறைந்தால் கிட்டின் குவானிடினோ பாலிசாக்கரைடோ எஞ்சியிருக்கிறது. இவை குறிப்புகளே, தீர்ப்பு ஜெல்லில்தான். 0.8 சதவீத அகரோஸில் ஓட்டினால் முழுதான டிஎன்ஏ கிணற்றுக்கு அருகே ஒரு தடித்த பட்டையாக நிற்கும், ஆர்என்ஏ அடியில் மங்கலாகப் பரவும், சிதைந்த டிஎன்ஏ நெடுகத் தேய்ந்து கிடக்கும். 1,500 எழுத்து நீளமுள்ள 16எஸ் மரபணுவைப் பெருக்க மட்டும் தேவை என்றால் ஓரளவு சிதைவு பரவாயில்லை. அந்தத் தேய்வைக் கண்டு மாதிரியைத் தூக்கியெறிய வேண்டாம்.

இப்போது வெற்றுக் குழாய்க்கு வருவோம். இந்தப் பயிற்சியில் நான் மிகுந்த முக்கியத்துவம் தருவது இதற்குத்தான். லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸின் ஜீனோம் சுமார் 20 லட்சம் கார இணைகள். ஓர் இணையின் எடை ஏறத்தாழ 650 டால்டன் என்று வைத்தால் ஒரு ஜீனோம் 2.2 ஃபெம்டோகிராம், ஒரு நானோகிராம் டிஎன்ஏவில் சுமார் 4.5 லட்சம் ஜீனோம்கள். கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத மாசில்கூட ஆயிரக்கணக்கான படிகள் இருக்க முடியும் என்பதே இதன் பொருள். பிசிஆர் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கினால் 30 சுற்றில் ஒரு மூலக்கூறு 100 கோடிக்கு மேல் ஆகிறது. மாசு எங்கிருந்து வரும்? லைசோசைம் முட்டை வெள்ளையிலிருந்து வருவது. புரோட்டினேஸ் கே ஒரு பூஞ்சையிலிருந்து. டாக் பாலிமரேஸ் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸின் நொதி என்றாலும், இன்று அது பெரும்பாலும் ஈ.கோலைக்குள் தயாராகிறது, அந்த ஈ.கோலையின் டிஎன்ஏ துளிகள் நொதிக் கரைசலோடு வரக்கூடும். 2014இல் சால்டரும் உடன் ஆய்வாளர்களும் இதைத் தெளிவாக நிறுவினார்கள். சால்மொனெல்லா பாங்கோரி என்ற ஒரே பாக்டீரியாவின் தூய வளர்ப்பைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து 16எஸ் வரிசைகளைப் படித்தார்கள். செல்கள் மிகுந்த குழாய்களில் சால்மொனெல்லா வந்தது; செல்கள் குறையக் குறையக் கிட்டுகளிலும் கரைசல்களிலும் இருந்த மண், நீர் பாக்டீரியாக்களின் வரிசைகள் மேலெழுந்து, கடைசியில் அவையே பெரும்பான்மை ஆயின. சுவர் சரியாக உடையாத நம் கிராம் பாசிட்டிவ் மாதிரியும் இதே நிலையில்தான் இருக்கிறது: உண்மையான டிஎன்ஏ குறைந்துவிட்டால் மாசின் குரல் ஓங்கும். 1994இல் எட்டுக் கோடி ஆண்டுப் பழமையான எலும்பிலிருந்து டைனோசர் டிஎன்ஏ கிடைத்ததாக ஒரு முன்னணி இதழில் அறிவிக்கப்பட்டதும், அந்த வரிசை மனித டிஎன்ஏவோடு நெருங்கியது என்று அடுத்த ஆண்டே மற்ற ஆய்வாளர்கள் காட்டியதும் பலர் அறிந்த செய்தி.

ஆகவே இரண்டு வெற்றுக் குழாய்கள் வேண்டும். முதலாவதில் செல் இல்லை. ஆனால் லைசோசைம் முதல் கடைசி எத்தனால் கழுவல் வரை எல்லாம் உண்டு. இரண்டாவது பிசிஆரின்போது டிஎன்ஏவுக்குப் பதிலாகத் தண்ணீர் சேர்த்தது. இரண்டிலும் பேண்ட் வராவிட்டால் உங்கள் பேண்டை நம்பலாம். முதலாவதில் மட்டும் வந்தால் மாசு டிஎன்ஏ எடுக்கும் கரைசல்களில் இருக்கிறது. இரண்டிலும் வந்தால் பிசிஆர் கலவையையோ தண்ணீரையோ மாற்ற வேண்டும். இவற்றோடு, பிசிஆர் வேலை செய்கிறது என்று காட்ட அறிந்த டிஎன்ஏ ஒன்றும் தேவை. அது உங்கள் எதிர்பார்ப்பிலிருந்து விலகிய உயிரியாக இருக்கட்டும். ஈ.கோலை வைத்திருந்து, மாவு காலனிக்கும் ஈ.கோலை என்றே பெயர் வந்தால், என்ன நடந்தது என்று உடனே சந்தேகிக்கலாம். எல்லாக் குழாய்க்கும் இப்படிச் செலவழிக்கக் கல்லூரியில் பணம் இல்லை என்பார்கள். வெற்றுக் குழாய் ஆளுக்கொன்று வேண்டியதில்லை. ஒரே நாளில் ஒரே கரைசல்களைப் பயன்படுத்தும் வகுப்பு முழுவதற்கும் ஒரு செட் போதும். அதை மிச்சப்படுத்தினால், தவறான வரிசையைப் படிக்கச் செலவிட்ட பணம் முழுவதும் வீண். 1944இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் நிமோகாக்கஸின் குணத்தை மாற்றும் பொருள் டிஎன்ஏ என்று வாதிட்டபோது, அவர்கள் வாதத்தின் வலிமை ஒப்பீட்டுக் குழாய்களில் இருந்தது: புரதத்தை அழிக்கும் நொதியும் ஆர்என்ஏவை அழிக்கும் நொதியும் அந்த ஆற்றலைக் குலைக்கவில்லை, டிஎன்ஏவை அழிக்கும் நொதி குலைத்தது.

வெற்றுக் குழாய் வெற்றாகவே நின்றால் வரிசையைப் படிக்க அனுப்பலாம். 16எஸ் மரபணுவை ஏன் தேர்ந்தார்கள் என்றால், அது எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, சில பகுதிகள் மாறாமலும் சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறியும் இருக்கின்றன. 1977இல் வோஸும் ஃபாக்ஸும் ஆர்க்கியாவைத் தனிப்பிரிவாக அடையாளம் கண்டது இந்த 16எஸ் ஆர்என்ஏவை ஒப்பிட்டுத்தான். சாங்கர் முறையில் ஒரு பக்கத்திலிருந்து படித்தால் நம்பகமாகக் கிடைப்பது 700, 800 எழுத்துகளே. இரு பக்கமும் படித்து இணைக்க வேண்டும். முனைகளில் தெளிவற்ற பகுதியை வெட்டிவிட வேண்டும். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதில்லை. ஒரே இனம் என்று கருதுவதற்கு இன்று பலர் பின்பற்றும் எல்லை சுமார் 98.7 சதவீதம், 1,450 எழுத்தில் அது ஏறக்குறைய 19 வேறுபாடுகள். முனையில் பத்து எழுத்து தவறாகப் படிக்கப்பட்டால் அந்த இடைவெளியில் பாதி தின்றுபோகும். வண்ண அலைவரைபடத்தைத் திறந்து பாருங்கள். வரிசை நெடுக இரட்டைச் சிகரங்கள் இருந்தால் வளர்ப்பு தூயதல்ல என்று கொள்ளலாம். ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் வேறு விளக்கமும் உண்டு: ஈ.கோலையில் இந்த மரபணு 7 படிகளாகவும் பேசில்லஸ் சப்டிலிஸில் 10 படிகளாகவும் இருப்பதுபோல ஒரே செல்லுக்குள் பல படிகள் இருக்கும், அவை சிறிது வேறுபடலாம். மூன்று முறை கோடிழுத்துத் தனிப்படுத்திய பதிவு உங்களிடம் இருந்தால் மட்டுமே இரண்டாவது விளக்கத்தைச் சொல்லும் உரிமை உண்டு.

பிளாஸ்டில் மாதிரி வகை வரிசைகளுக்கு மட்டும் தேடலைக் குறுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஜென்பேங்கில் பெயரைத் தருபவர் வரிசையைச் சேர்ப்பவரே. இதே குறுக்குவழியில் வந்த பெயர்களும் அங்கே உண்டு. ஒற்றுமை சதவீதத்தோடு, வரிசையின் எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும் எழுத வேண்டும். பழைய கட்டுரைகளோடு ஒப்பிடும்போது பெயர் மாற்றங்களையும் கவனிக்க வேண்டும்: 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினம் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது, மாவு ஆய்வுகளில் காணும் லாக்டோபேசில்லஸ் பிளான்டேரம் இன்று லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டேரம்.

ஏறக்குறைய ஒரு முழு மரபணுவின் 1,450 எழுத்தைப் படிக்க முடிகிற காலத்தில் கிராம் சாயமும் டர்ஹாம் குழாயும் தேவையா என்பது இந்த அத்தியாயத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி. பேரினத்தை நிர்ணயிப்பதில் 16எஸ் அந்தச் சோதனைகளைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உயிர்வேதிச் சோதனைகள் திரிபுக்குத் திரிபு மாறும், ஊடகத்துக்கேற்பவும் மாறும். அவற்றை மட்டும் நம்பி இனப்பெயர் வைத்த காலத்தில் பிழைகள் ஏராளம். ஆனால் இரண்டு வழிகளும் வெவ்வேறு இடங்களில் தவறுகின்றன, அதனால்தான் இரண்டும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் அதற்கு எடை கூடுகிறது. குழாய் மாறிப்போனால் வரிசை அதைச் சொல்லாது. ஆனால் வரிசை பேசில்லஸ் என்றும் நுண்ணோக்கியும் பெராக்சைடு சோதனையும் கேட்டலேஸ் இல்லாத உருண்டைச் சங்கிலி என்றும் சொன்னால், எங்கோ குழாய் மாறியிருக்கிறது என்பது அந்த மேசையிலேயே வெளிப்பட்டுவிடும். மேலும் 16எஸுக்கே எட்டாத எல்லைகள் உண்டு. ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் அதனால் பிரிக்க முடியாது. பேசில்லஸ் சீரியஸ், ஆந்த்ராசிஸ், துரிஞ்சியென்சிஸ் மூன்றும் அதில் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று உணவை நஞ்சாக்குவது, ஒன்று ஆந்த்ராக்ஸ் நோய் தருவது, ஒன்று பயிர்ப்பூச்சிக்கு எதிராகத் தெளிக்கப்படுவது. லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸின் துணை இனங்களையும் அது பிரிக்காது. முழு ஜீனோமைப் படித்து, 95 முதல் 96 சதவீத சராசரி ஒற்றுமையை எல்லையாகக் கொள்ளும் முறை இதைப் பெரிதும் தீர்க்கிறது. ரைபோசோம் புரதங்களின் நிறையைப் பார்த்துச் சில நிமிடங்களில் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவிகள் மருத்துவமனை ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் அவையும் தரவுத்தளத்தில் இருப்பதை மட்டுமே சொல்லும். தூயதல்லாத வளர்ப்பைக் கொடுத்தால் அவையும் குழம்பும்.

அறிக்கையில் பெயர் எழுதும் வரி இந்த வேலையின் அளவுக்கே நிற்க வேண்டும். ‘லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் அடையாளம் காணப்பட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் முடிக்காமல், கிராம் பாசிட்டிவ் உருண்டைச் சங்கிலி, கேட்டலேஸ் இல்லை, குளுக்கோஸில் வாயு உண்டு, ஆர்ஜினினில் அம்மோனியா இல்லை, இரு பக்கமும் படித்த 16எஸ் வரிசை இத்தனை எழுத்து நீளத்தில் மாதிரித் திரிபோடு இத்தனை சதவீதம் ஒத்தது, இரு வெற்றுக் குழாய்களிலும் பேண்ட் இல்லை என்று எழுதுங்கள். வரிசை சான்று பேரினம் வரைதான் உறுதியாக நிற்கிறது என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். இனம் தெரியாத லியூகோனோஸ்டாக் என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர், மாணவருக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க அறிந்த திரிபு வேண்டுமானால் சண்டிகரில் உள்ள எம்டிசிசி, புனேயில் உள்ள என்சிஐஎம் போன்ற நுண்ணுயிரிக் காப்பகங்களிலிருந்து கல்லூரி வழியாக வாங்கலாம். உங்கள் திரிபை 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் மைனஸ் 20லும் சில மாதம் தாங்கும், அதற்குள் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். குழாயின் மேல் தேதி, மாவு எடுத்த இடம், ஊடகம், எத்தனையாவது தனிப்படுத்தல் என்பவற்றை அழியாத மையில் எழுதி, நோட்டிலும் அதே எண்ணைக் குறியுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் உங்கள் பெயரைச் சந்தேகித்தால், அவர் அந்தக் குழாயைத் திறந்து மறுபடி கோடிழுத்துப் பார்க்க முடிய வேண்டும்.